அதான் ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றேன்ல?

எங்கள் வீட்டு நாய்க்கு மணி என்று பெயர். நாய்க்கு மணி என்று பெயர் வைத்த கடைசிக் குடும்பம் திருவான்மியூரில் நாங்களாகத்தான் இருக்கும். தெருவில் மற்றதெல்லாம் ப்ரூனோ, சிம்பா, கோகோ. மணி சிப்பிப்பாறைக் கலப்பு, வயது 7, எடை 19 கிலோ. இதுவரை யாரையும் கடித்ததில்லை. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பல வருடமாக லைசென்ஸ் மாதிரி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன், மார்கழி. விடியற்காலை ஐந்தேகால் இருக்கும். கடற்கரைக்குப் போகிற சந்தில் ஈ, காக்கை இல்லை என்று மணியின் சங்கிலியைக் கழற்றிவிட்டேன். தினமும் செய்கிற காரியம்தான். அவன் பத்தடி நடந்தான், ஒரு பூனையைப் பார்த்தான், பாய்ந்தான். பூனை மதில் மேல் ஏறிவிட்டது. அந்தப் பக்கமிருந்து மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் பூக்கூடையோடு வந்துகொண்டிருந்த அம்மாவுக்குப் பூனை தெரியவில்லை. இருட்டில் தன்னை நோக்கி ஒரு நாய் பாய்ந்து வருவது மட்டும்தான் தெரிந்தது. பின்வாங்கியவர் மழைநீர்க் கால்வாயின் மூடிக்கல்லில் கால் இடறி விழுந்தார். கையை ஊன்றி விழுந்தார்.

நான் பின்னால் ஓடிவந்துகொண்டே என்ன கத்தினேன் தெரியுமா? “ஒண்ணும் பண்ணாதும்மா! ஒண்ணும் பண்ணாது!” அவர் அதற்குள் தரையில் கிடந்தார்.

மணி நிஜமாகவே ஒன்றும் பண்ணவில்லை. சிதறிய மல்லிகையை முகர்ந்துகொண்டு வாலாட்டிக்கொண்டு நின்றான். அந்த அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பூக்கட்டுகிற கை. உதிரிப்பூ வாங்கிக் கட்டி விற்றால்தான் நாலு காசு நிற்கும். கட்டின சரத்தை வாங்கி விற்றால் ஆட்டோவுக்குக்கூடக் காணாது என்று அவர் மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எக்ஸ்ரே, கட்டு, ஆறு வார வருமானம் எல்லாம் கொடுத்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கொடுக்காமல் எங்கே போவது? எக்ஸ்ரே எடுக்கக் காத்திருந்தபோது மறுபடியும் அதே பாட்டைப் பாடினேன், “அவன் யாரையும் கடிக்கமாட்டாம்மா” என்று. அவர் கோபப்படக்கூட இல்லை. “உனக்குத் தெரியும்ப்பா. எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

அன்றிலிருந்து இந்த ‘ஒண்ணும் பண்ணாது’ எங்கே காதில் விழுந்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள், குறைந்தது பத்து தடவை கேட்பீர்கள். நாய் ஓடிவரும், குழந்தை அலறும், ஐம்பதடி பின்னால் கையில் சங்கிலியைச் சுழற்றிக்கொண்டு ஒருவர் சாவகாசமாக நடந்து வருவார். “ஒண்ணும் பண்ணாதுங்க, விளையாடுது.” குழந்தையின் அப்பா முறைத்தால், “அதான் ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றேன்ல?” என்று குரல் உயரும். நாயைப் பார்த்துப் பயந்தது அந்தக் குழந்தையின் குற்றம் என்பதுபோல. சின்ன வயதில் கடிபட்டு, அந்தக் காலத்து வழக்கப்படி தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட ஆட்கள் இந்த ஊரில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உங்கள் நாயின் குணநலச் சான்றிதழை நீட்டி என்ன பயன்?

‘கூப்பிட்டால் வந்துவிடுவான்’ என்பது அடுத்த வசனம். வீட்டுக்குள் வருவான். பிஸ்கட் டப்பா சத்தம் கேட்டால் மொட்டைமாடியிலிருந்துகூட வருவான். ஆனால் சிப்பிப்பாறை, ராஜபாளையம், கன்னி எல்லாம் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட நாய்கள். அதிலும் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்துகிற ஜாதி. அசைகிற ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அந்த நொடியில் அதற்குக் காது கிடையாது. நீங்கள் தொண்டை கிழியக் கத்துவது அதற்குக் கேட்காது. கேட்டாலும் அது நின்று யோசிக்கிற நிலையில் இருக்காது. லாப்ரடாருக்கும் இது ஓரளவு பொருந்தும், அங்கே பூனைக்குப் பதில் பஜ்ஜிக்கடை.

இப்போது நான் சங்கிலி இல்லாமல் வெளியே போவதில்லை. அதனால் மறுபக்கமும் தெரிகிறது. போன மாதம் கடற்கரையில் ஒரு கோல்டன் ரிட்ரீவர் கட்டில்லாமல் மணியிடம் ஓடிவந்தது. தூரத்திலிருந்து ஒரு பெண், “ஃப்ரெண்ட்லி அங்கிள், ஃப்ரெண்ட்லி!” என்று கத்துகிறாள். உன் நாய் ஃப்ரெண்ட்லிதான் கண்ணு, என் நாய் சங்கிலியில் இருக்கிறதே. சங்கிலியில் இருக்கும் நாயால் விலகி ஓட முடியாது. ஓட முடியாத நாய் பல்லைக் காட்டும். மணி உறுமினான், அது இன்னும் நெருங்கியது, இவன் ஒரு கவ்வு கவ்வ வந்தான். நான் இழுத்ததில் என் தோள் பிசகியதுதான் மிச்சம். கடைசியில் அந்தப் பெண் என்னைப் பார்த்து, “உங்க டாக் அக்ரெசிவ்வா அங்கிள்?” என்கிறாள். என்ன சொல்வது?

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு மாடல் ஸ்கூல் சாலையில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வைலர்கள், அங்கேயே தங்கியிருந்த காவலாளியின் 5 வயது மகளைக் குதறியது எல்லாருக்கும் நினைவிருக்கும். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் ஒரு பிட்புல் கடித்து 55 வயதுக்காரர் இறந்தே போனார். தடுக்கப்போன நாயின் உரிமையாளருக்கும் கடி. ஒவ்வொரு முறையும் நாம் பேசியது நாயின் ஜாதியைப் பற்றித்தான். 2024 மார்ச்சிலேயே 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிட்புல், ராட்வைலர் வகைகளுக்குப் புதிதாக உரிமம் கிடையாது என்று சென்னை மாநகராட்சியும் 2025 கடைசியில் முடிவெடுத்தது. அதை நான் எதிர்க்கவில்லை. 40, 50 கிலோ நாயும் மணியும் செய்யக்கூடிய சேதம் ஒன்றல்ல. ஆனால் ஜாதிப் பட்டியல் போட்டவுடன் லாப்ரடார் வைத்திருப்பவரும் என்னைப் போல நாட்டு நாய் வைத்திருப்பவரும் ‘அப்பாடா, நம்மளைச் சொல்லலை’ என்று மூச்சு விட்டுக்கொள்கிறோம் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சண்டை. அந்த அம்மாவின் கையை முறித்தது பட்டியலில் எங்குமே வராத நாய்.

சட்டம் இல்லாமல் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 289-வது பிரிவாக இருந்ததுதான் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 291. தன்னிடம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு அந்த அபராதம் 1,000 ரூபாய்தான். நாய்க்கு உரிமம் எடுக்காவிட்டாலும் மாநகராட்சி போடுவது அதே 5,000. உரிமக் கட்டணமோ வருடத்துக்கு 50 ரூபாய். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். நம்மில் பாதிப் பேர் அபராதம் என்றதும்தான் எடுத்தோம். (நானும்தான். கடைசி நேரத்தில் இணையதளம் சுற்றிக்கொண்டே இருந்ததற்கு மாநகராட்சியைத் திட்டினேன். வருடக்கணக்காகச் சும்மா இருந்தது நான்.)

ஆனால் உரிமம், நாயின் தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சிப் இதெல்லாம் நாய் யாருடையது என்றுதான் சொல்லும். சங்கிலியைப் பிடித்திருக்கிற கை யாருடையது என்று சொல்லாது. காலையில் அடையாறு, போட் கிளப், நுங்கம்பாக்கம் பக்கம் போய்ப் பாருங்கள். பெரிய வீட்டு நாய்களை நடத்திக்கொண்டு போவது யார்? வாட்ச்மேன், டிரைவர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, சில இடங்களில் அந்த அக்காவின் பதினான்கு வயது மகன். அந்தப் பையனின் எடையும் நாயின் எடையும் கிட்டத்தட்ட ஒன்று. நாய்க்கு ட்ரெய்னர் வைத்துச் சொல்லிக்கொடுத்த கட்டளையெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், அந்த அக்காவுக்கு அதில் ஒன்றும் சொல்லித்தரப்பட்டிருக்காது. அது பாய்ந்தால் அவர் சங்கிலியை விடுவதா, கூடவே இழுபட்டுப் போவதா? கடித்துவிட்டால் தெருக்காரர்கள் சூழ்ந்துகொள்வது அவரைத்தான். ஐயா மாடியில் காபி குடித்துக்கொண்டிருப்பார். வாங்கின நாயை நடத்திக்கொண்டு போக நேரமில்லை என்றால், அந்த நாயைப் பிடிக்கத் தெம்பும் பழக்கமும் உள்ள ஆளைச் சம்பளம் கொடுத்து வையுங்கள். பாத்திரம் தேய்க்கிற வேலையோடு இலவச இணைப்பாகக் கொடுக்காதீர்கள்.

கருத்துப் பெட்டியில் என்ன வரும் என்று தெரியும். ‘முதல்ல தெருநாயைப் பாருங்க சார்.’ பார்க்க வேண்டியதுதான். கருத்தடை, தடுப்பூசி, குப்பை, அது மாநகராட்சியிடம் சண்டை போட்டு வாங்க வேண்டிய வேலை, தனிப் பதிவாகவே எழுதலாம். உங்கள் வீட்டு நாய்க்குப் பொறுப்பான ஆள் யார் என்று தேடக் கமிஷன் எதுவும் தேவையில்லை. தவிர, அவிழ்த்துவிட்ட வீட்டு நாய் தெருநாய்களின் எல்லைக்குள் போய்க் கடிபட்டு வந்தால், மறுநாள் கம்போடு கிளம்புகிறவர்களும் நம்மாட்கள்தானே?

‘நாய் ஓடியாட வேண்டாமா, பாவம்’ என்பதில் நியாயம் இருக்கிறது. ஓடாத சிப்பிப்பாறை வீட்டு சோபாவைத் தின்றுவிடும், சோபா இருந்த இடத்தைக் காட்டுகிறேன் வாருங்கள். நான் நடந்து போகிற தூரத்தில் வேலி போட்ட இடம் ஒன்றுகூட இல்லை. அதை ஏரியா கவுன்சிலரிடம் கேட்பதுதான் முறை, ஊர்க் கடற்கரையை நம் நாயின் முற்றமாக்குவது அல்ல. நான் கண்டுபிடித்த வழி ரொம்பச் சாதாரணம். பாரிமுனைக் கயிற்றுக்கடையில் பத்து மீட்டர் நைலான் கயிறு வாங்கி, நுனியில் ஒரு கொக்கி போட்டுக்கொண்டேன். கழுத்துப் பட்டையில் மாட்டக்கூடாது, ஓடிப்போய் இழுபட்டால் கழுத்து போய்விடும். மார்போடு சேர்த்துப் போடுகிற பெல்ட்டில் மாட்ட வேண்டும். ஆளில்லாத மணலில் அந்தப் பத்து மீட்டருக்குள் அவன் வட்டம் வட்டமாக ஓடுகிறான். கை தோல் உரிந்தபின் கையுறையும் வாங்கினேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அதுவும் கிடையாது, அந்த மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். தன்னார்வலர்கள் ராத்திரி முழுக்க நடந்து, அந்த முட்டைகளை எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படுவதற்கு முன் ஒரு நாய் தோண்டிவிட்டால் ஒரு கூடே போச்சு.

இன்னொன்று, இதைத் தெரியாமல் பலர் சொதப்புகிறார்கள். உங்கள் நாயின் பல் யார் மேலாவது பட்டுவிட்டால், ‘ஊசியெல்லாம் போட்டிருக்கு, பயப்படாதீங்க’ என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவச் சொல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அது மூன்றாம் வகைக் காயம், தடுப்பூசியோடு, உடனடியாகக் கிருமியை எதிர்க்கிற இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்திலேயே போடவேண்டி வரும். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி என்றால் முதல் நாள், பிறகு அதிலிருந்து 3, 7, 28 நாட்கள் கழித்து. நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், நாலு தடவையும். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே கிடையாது என்பதால் இதில் வெட்கம் பார்க்க இடமில்லை.

பூக்கார அம்மாவின் கட்டு பிரித்து ரொம்ப நாளாகிவிட்டது. குளிர் நாளில் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார். சன்னதித் தெருவில் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், வெள்ளிக்கிழமை அவரிடம்தான் பூ வாங்குகிறோம். ஆனால் காலையில் வழியில் மணியோடு என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுவார், இன்றைக்கும். சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினாலும் மாறிவிடுவார். நேற்று அவர் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு நான் முந்திக்கொண்டு மாறினேன். பாதி ரோட்டில் மணிக்கு ஏதோ வாசனை பிடித்துவிட்டது, நின்றுவிட்டான். பின்னால் வந்த ஆட்டோக்காரர் என் வம்சத்தையே விசாரித்தார். அந்த அம்மா அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.