முப்பது நாற்காலிக் கணக்கு

பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அடுத்தவர் விடுகிற புகையைப் பக்கத்தில் நிற்கிற குழந்தை ஏன் சுவாசிக்க வேண்டும்? என் கோபம் எல்லாம், அந்தத் தடை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதில்தான்.

2003-ல் வந்த புகையிலைச் சட்டத்தின் 4-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பொது இடத்தில் யாரும் புகைக்கக் கூடாது என்று தொடங்குகிறது. உடனே விலக்கும் வந்துவிடுகிறது: 30 அறைகள் உள்ள ஓட்டல், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம், அப்புறம் விமான நிலையம். இங்கெல்லாம் புகைப்பதற்குத் தனி இடம் ஒதுக்கலாம். பேருந்து நிலையத்துக்கு இந்தச் சலுகை இல்லை. இரண்டு பெஞ்சு போட்ட டீக்கடைக்கும் இல்லை. விமானத்துக்குக் காத்திருப்பவர் தனி அறைக்குள் போய்ப் புகைக்கலாம். மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கிற கொத்தனார் பீடியைப் பற்றவைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். புகை என்ன, நாற்காலியை எண்ணிப் பார்த்துவிட்டா நுரையீரலுக்குள் போகிறது? இந்த விலக்குக்கு மருத்துவக் காரணம் எதுவும் இருக்க முடியாது. வசதி உள்ளவர் முகம் சுளிக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று இந்தத் தடைக்கான புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. நல்ல காரியம். ஆனால் அந்த ஆண்டுகளில் நம் ஊரில் சண்டை நடந்தது பெரும்பாலும் சினிமாவைப் பற்றித்தான். 2002-ல் ரஜினி புகைக்கும் காட்சிகளுக்காக 'பாபா' படத்துக்கு பாமக காட்டிய எதிர்ப்பு நினைவிருக்கும். 2005-ல் திரையில் புகைக்கும் காட்சிகளுக்கே மத்திய அரசு தடை போட்டது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நடிகர் வாயில் சிகரெட் இருக்கலாமா என்று அத்தனை பேர் வாதாடினோம். புகை அறையைக் கூட்டிப் பெருக்குகிற தொழிலாளியின் நுரையீரலைப் பற்றி யாரும் குரல் எழுப்பவில்லை. அந்த அறைக்குள் வேறு எந்தச் சேவையும் கூடாது என்று விதி இருக்கிறது, சரி. சாம்பலை யாராவது அள்ளித்தானே ஆக வேண்டும்?

ஒழுக்கத்தின் பேரில் நடக்கிற பிரச்சாரத்துக்குக் கண்ணில் படுகிறவர்தான் குற்றவாளி. தெருவில் நின்று புகைப்பவர் படுகிறார். கதவுக்குப் பின்னால் புகைப்பவர் படுவதில்லை. தென்காசிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து, நாளெல்லாம் புகையிலைத் தூளைச் சுவாசித்தபடி பீடி சுற்றுகிற பெண்களும் படுவதில்லை.

ஓட்டல், உணவகங்களுக்கான இந்த விலக்கை நீக்க 2020-ல் ஒரு திருத்த வரைவு தயாரானது. அது சட்டமாகவில்லை. அதை மறுபடியும் கையில் எடுக்க வேண்டும். 30 என்ற எண்ணைப் பிரிவிலிருந்தே அடிக்க வேண்டும். கூடவே, பீடி விற்பனை குறையும்போது அந்தப் பெண்களுக்கு என்ன வேலை என்பதற்கும் அரசு இப்போதே பதில் சொல்ல வேண்டும்.