எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் சொந்தப் பாட்டைக் கேளுங்கள்

திருகோணமலையில் கலியாண வீடோ கோயில் திருவிழாவோ, மேடையேறும் இசைக்குழுவிடம் நாங்கள் கேட்பது சினிமாப் பாட்டு மட்டும்தான். நன்றாகப் பாடினால் கைதட்டுகிறோம். அதே பிள்ளைகள் "இது எங்கட சொந்தப் பாட்டு" என்று மைக்கில் சொன்னவுடன் பாதிப்பேர் எழும்பிச் சாப்பாட்டுப் பக்கம் போய்விடுகிறார்கள். இது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். இப்போது எழுத வைத்தது நான்கு பேர் கொண்ட ஓர் உள்ளூர் இசைக்குழு.

உவர்மலையில் ஒரு வீட்டின் பின் அறையில் பழகுகிறார்கள். பாண்டுக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. முதல் பாட்டு வெளிவரும்வரை தங்கள் பெயர்களையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். சரி, அவர்கள் வாசிப்பதை வைத்தே சொல்கிறேன்.

பாடுகிற தங்கச்சி சின்ன வயதிலிருந்தே பண்ணிசை படித்தவர். சம்பந்தர் கோணமாமலைக்குப் பாடிய பதிகத்தில் பழகிய குரல். ஆனால் பொப் பாடும்போது கமகத்தை அள்ளிக் கொட்டுவதில்லை. சொல்லை நேராகச் சொல்லிவிட்டு, வரி முடியும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன அசைவு. இந்த வயதில் அந்த அடக்கம் லேசில் வராது. ட்ரம்ஸ் அடிப்பவர் திருவிழா மேடைகளில் ஒக்டபேட் என்ற மின் தாளக் கருவி வாசித்து வந்தவர். கிற்றார் தம்பிக்கு யூடியூப்தான் வாத்தியார். கீபோர்ட் கிண்ணியாத் தம்பியின் கையில். மெட்டுகள் பெரும்பாலும் அவருடையவைதான்.

அவர்களிடம் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது பாதைப் பாட்டு. பாதை என்றால் இங்கே தெரு அல்ல, ஆட்களை ஏற்றிக் கரைக்குக் கரை போகும் மிதவைப் படகு. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்துச் சனம் பாதையில் ஏறித்தானே இக்கரைக்கு வந்தது? 396 மீற்றர் பாலத்தை இன்றைக்கு ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறோம். வாப்பா சொன்ன பழைய கதைகளை வைத்துக் கீபோர்ட் தம்பி மெட்டுப் போட்டிருக்கிறார். கரையில் நிற்கும் ஒருத்தி, வருகிற பாதையில் யார் யார் நிற்கிறார்கள் என்று தூரத்திலேயே தேடுகிறாள். அவ்வளவுதான் பாட்டு. மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் மெதுவாக ஆடி ஆடிப் போகிறது. முதல் சரணம் முடியும்வரை ட்ரம்ஸ் வாயே திறப்பதில்லை. அது உள்ளே வரும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

காதல் பாட்டுகள் இரண்டும் அவ்வளவு பிடிக்கவில்லை. நிலா, மழை, கனவு என்று சினிமாவில் கேட்டுச் சலித்த சொற்களே வருகின்றன. பாதைப் பாட்டை எழுதியவர்களுக்கு அந்தச் சொற்கள் தேவையில்லை. அவர்களிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

1970களில் இலங்கைத் தமிழ் பொப் எழுந்தபோது நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் மட்டும் பாடவில்லை. எங்கள் ஊர் பரமேஷ், கோணேஷ் சகோதரர்களும் சொந்தப் பாட்டுகளோடு அந்த வரிசையில் நின்றார்கள். இலங்கை வானொலி அந்தப் பாட்டுகளை ஒலிபரப்பியது, சனம் தெருவில் முணுமுணுத்தது. அப்படிப்பட்ட ஊரில் இன்றைக்குச் சொந்தப் பாட்டுக்கு ஐந்து நிமிடம் கிடைக்காதது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இணையம் இருக்கிறதே என்பீர்கள். ஸ்பொட்டிஃபை 2021 இல் இலங்கைக்கு வந்தது. பாட்டை ஏற்றுவது சுலபம்தான். ஆனால் 2024 முதல், ஒரு பாட்டைப் பன்னிரண்டு மாதத்துக்குள் 1,000 தடவையாவது கேட்டிருந்தால்தான் அதற்குக் காசு. திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ச் சனம் சேர்ந்தால் ஆயிரம் ஒரு பெரிய எண்ணே இல்லை. ஆனால் அந்த முதல் ஆயிரம் கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வராது, நாங்கள்தான் கேட்க வேண்டும்.

நிகழ்ச்சி ஒழுங்கு செய்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மூன்று சொந்தப் பாட்டுக்கு இடம் கொடுங்கள், அதுவும் சனம் கலையும் நேரத்தில் அல்ல, நிகழ்ச்சியின் நடுவில். வெளியூர்க் குழுவுக்குக் கொடுக்கும் காசை இவர்களுக்கும் கொடுங்கள். "உள்ளூர்ப் பிள்ளைகள்தானே" என்று வான் காசையும் சவுண்ட் செட் காசையும் அவர்கள் தலையிலேயே கட்டாதீர்கள்.

அப்புறம், பாண்டில் பேஸ் கிற்றார் இல்லை. இப்போதைக்குக் கீபோர்ட் தம்பியின் இடது கைதான் அதையும் சமாளிக்கிறது. பேஸ் வாசிக்கத் தெரிந்த தம்பி தங்கச்சி யாராவது ஊரில் இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் பழகுகிறார்கள், நேரே கூட்டிப் போகிறேன்.