பொமரேனியனுக்கு மொட்டை அடித்தால் சூடு தணியுமா?

“கோடையில் பொமரேனியன், ஹஸ்கி நாய்களுக்கு மொட்டை அடித்துவிடுங்கள், உடல் குளிரும், முடி கொட்டுவதும் நின்றுவிடும்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

இந்த நாய்களின் முதுகு முடியை விரலால் பிரித்துப் பாருங்கள். மேலே நீண்ட, சற்று முரட்டு முடி. அடியில் பஞ்சு போன்ற மென்முடி. பருவம் மாறும்போது கொத்துக் கொத்தாக உதிர்வது பெரும்பாலும் அந்தப் பஞ்சுதான். மேல்முடியோ வெயில் நேராகத் தோலில் விழாமல் காக்கிறது. அதை மழித்தால் தோல் வெந்துபோகலாம். நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் பெரும்பாலும் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

உதிர்வதும் நிற்காது. நீள முடிக்குப் பதில் குட்டை முடி கொட்டும், அவ்வளவுதான்.

மிகவும் வருத்தம் தருவது இதுதான்: ஒட்ட மழித்த இடத்தில் முடி பல மாதங்கள், சில நேரம் ஓராண்டுக்கு மேலும் வளராமல் போவதுண்டு. பொமரேனியனிலும் ஹஸ்கியிலும் இது அதிகம்.

பூடில் வகை வேறு. அதன் முடி நெடுநாள் வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டாவிட்டால் சடை பிடித்துவிடும். பொமரேனியனுக்குத் தேவை சீப்பு. உதிரும் பருவத்தில் தினமும் அடிமுடி வரை வாரிவிடுங்கள். நிழலும் தண்ணீரும் எப்போதும் அருகில் இருக்கட்டும்.