நிற்காத எந்திரத்தில் சோதனையே இல்லையா?

"நிற்காமல் ஓடும் எந்திரத்தில் செய்த மாத்திரைகளை எவரும் சோதிப்பதில்லை, பேட்ச் எண்ணும் கிடையாது" என்றொரு செய்தி ஓசூர், கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பழைய முறையில், ஒரு தொகுதியை (பேட்ச்) செய்து முடித்த பின் சில மாத்திரைகளை எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பார்கள். நிற்காமல் ஓடும் தொடர் உற்பத்தியில் மூலப்பொருள் ஒருபுறம் நுழைந்து, கலந்து, அழுத்தப்பட்டு, மறுபுறம் மாத்திரையாக வெளிவருகிறது. வழியிலேயே அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும் உணரிகள் கலவையிலுள்ள மருந்தின் அளவைச் சில நொடிகளுக்கு ஒருமுறை கணக்கிடுகின்றன. வரம்பு மீறிய பகுதி தனியே ஒதுக்கப்படும். ஆக, கண்காணிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. உணரியும் பிழைபடலாம் என்பது உண்மைதான். அதனால்தான் அதன் கணிப்பை ஆய்வக முடிவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள்.

பேட்ச் எண்ணும் உண்டு. இத்தனை கிலோ அல்லது இத்தனை மணி நேர ஓட்டம் என்று தொகுதியை வரையறுக்கலாம் என மருந்துத் தர விதிகளை ஒருங்கிணைக்கும் பன்னாட்டு அமைப்பான ஐசிஎச் 2022-இல் ஏற்ற க்யூ13 நெறிமுறை சொல்கிறது. அமெரிக்காவில் 2015 முதலே இம்முறைக்கு ஒப்புதல் தரப்படுகிறது.

இச்செய்தியை நம்பிச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் மருந்துக்கடையில் ரசீது கேளுங்கள். அதிலுள்ள பேட்ச் எண்ணை அட்டையோடு ஒப்பிடுங்கள்.