இவாபுச்சியின் தங்கப் பந்தும் உலகக் கோப்பையும்: உண்மை விளக்கம்

“2008 இல் 17 வயதுக்குட்பட்டோர் மகளிர் கால்பந்து உலகக் கோப்பையை ஜப்பானுக்கு வென்று கொடுத்தவர் மானா இவாபுச்சி; அவர் ஐரோப்பாவில் வளர்ந்தவர்” என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

நியூசிலாந்தில் நடந்த அந்தப் போட்டியில் கோப்பையை வென்றது வட கொரியா. ஜப்பான் காலிறுதியில் இங்கிலாந்திடம் பெனால்டியில் தோற்று வெளியேறிவிட்டது. ஆனாலும் சிறந்த வீராங்கனைக்கான தங்கப் பந்து இவாபுச்சிக்குத்தான் கிடைத்தது. காலிறுதியோடு திரும்பிய அணியிலிருந்து ஒரு 15 வயதுப் பெண்! என்னைக் கேட்டால், கோப்பையை விட இதுதான் பெரிய விஷயம்.

அவர் ஐரோப்பாவில் வளர்ந்தவர் என்பதும் சரியல்ல. சீனியர் அளவில் ஆட ஆரம்பித்தது டோக்கியோவின் பெலேசா அணியில். ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் அணிக்குப் போனது அப்புறம், 2012 இல்தான். அவர் கையில் ஏந்திய உலகக் கோப்பை 2011 இல் சீனியர் அணியோடு வென்றது. பிராங்க்பர்ட் இறுதிப்போட்டியில், கூடுதல் நேரம் முடியும் தறுவாயில், 18 வயதில் மாற்று வீராங்கனையாக இறங்கினார்.