மேளமும் கூட்டுப்பாட்டும் யார் கொண்டுவந்தது?
"கானா நாட்டில் மேளத்தோடு கூட்டாகப் பாடும் வழக்கமே பாதிரிமார் வந்த பிறகுதான்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லைங்க. அவர்கள் கொண்டுவந்தது நான்கு வகைக் குரல்கள் வெவ்வேறு சுரத்தில் சேர்ந்து பாடும் தேவாலயப் பாடல். பல சபைகளில் மேளத்தை உள்ளேயே விடவில்லை. கானாவில் வாழும் எவே இன மக்களின் அக்பாஜா ஆட்டத்தில் ஒருவர் பாட்டெடுக்க, கூடியிருப்பவர்கள் எல்லாரும் திருப்பிப் பாடுவார்கள். கான்கோகுயி என்ற இரட்டை மணி 12 துடிப்பு கொண்ட ஒரு சுற்றுக்குள் 7 தட்டு தட்டிக்கொண்டே இருக்கும். மேளம், கைத்தட்டல், பாட்டு எல்லாமே அதைப் பிடித்துத்தான் போகும். கேட்டால் உடம்பு சிலிர்க்கும்! அப்புறம், இந்தத் தாளத்தைத் தேவாலயப் பாடகர் குழுவுக்குள் கொண்டுவரப் பாடுபட்டவர் கானாக்காரரான இசையமைப்பாளர் எஃப்ரைம் ஆமு. எவே, ட்வி என்ற கானா மொழிகளில் சொல்லின் குரல் ஏற்ற இறக்கம் கெடாமல் மெட்டமைத்தார். இதுபோன்ற முயற்சிகளால் 1933இல் கானாவின் அக்ரோபாங் ஊரில் இருந்த சபைக் கல்லூரி வேலையையே இழந்தார். அவர் உழைப்பைப் பாதிரிமார் கணக்கில் எழுதாதீர்கள்.