வெறும் கறிச்சோறு குட்டிக்குப் போதாது

"வேகவைத்த கோழியும் சோறுமே நாய்க்குட்டிக்குப் போதும்" என்று நாய் வளர்ப்பு பற்றிய ஒரு கட்டுரையில் வரும் வரியை என்னால் ஏற்க முடியவில்லை. எலும்பு நீக்கிய கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியமோ மிகக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் இறங்கியதும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் அதை எலும்பிலிருந்து உருவி எடுக்கத் தொடங்கிவிடும். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் குட்டிதான். ஆனால் சோபாவிலிருந்து குதித்தாலே தொடை எலும்பு முறிந்துவிடலாம். அதற்கு முன்பே நொண்டும், முதுகைத் தொட்டால் கத்தும். சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்!

இதற்குப் பயந்து கால்சியம் டானிக்கை இஷ்டத்துக்கு ஊற்றுவதும் ஆபத்தே. கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு மிகுதியான கால்சியத்தாலும் எலும்பு கோணலாக வளரும். வீட்டுச் சாப்பாடுதான் என்றால், குட்டியின் வயதையும் எடையையும் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் அளவை எழுதி வாங்குங்கள்.